வேவிச்ச மல்லாட்டை

நம்பி ஒப்படைத்த ஒரு காரியத்தை, ஒப்புக்கொண்டவர் அன்பினாலேயே கெடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? எண்ணம் கெட்டதாக இருந்தால் துரோகம் என்று சொல்லி முடித்துவிடலாம். எண்ணம் நல்லதாக இருந்தால், ஏமாந்தவருக்கு வலி குறைகிறதா, கூடுகிறதா? அம்சவள்ளியைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவளிடம் யாரும் இதைக் கேட்டதும் இல்லை. கேட்டால் பதில் வராது, கோபம்தான் வரும்.

அவள் பிறந்தது எலவனாசூர்கோட்டையில். வாழ்க்கைப்பட்டது கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் போகும் சாலையை ஒட்டிய ஒரு ஊரில். கணவன் முருகவேலுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நிலக்கடலைதான் பயிர். அந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி, தாளிக்க மல்லாட்டை எண்ணெய், மாட்டுக்கு மல்லாட்டைக் கொடி. செடி பிடுங்கும் நாட்களில் பச்சைக் காயை உப்புப் போட்டு வேகவைத்து, கூலிக்கு வந்தவர்களிலிருந்து சாலையில் போகிறவர் வரைக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த வீட்டில் பிறந்த இலக்கியா, ஒரு வயதில் சட்னி தொட்ட இட்லியை ஒரு வாய் தின்றதும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துப் போனாள். கண் பட்டுவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். முதல் வகுப்பில் கூடப் படித்த பெண் பிட்டுக் கொடுத்த கடலை மிட்டாய் அவளுடைய மூச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்ற சொல்லைச் சொன்னார்.

முருகவேல் அந்த விதைப்புப் பட்டத்திலேயே மல்லாட்டையை விட்டுவிட்டு மரவள்ளி நட்டான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். ஊர் சிரித்தது.

“பொண்ணுக்கு ஆவலைன்னா பொண்ணுக்குக் குடுக்காத. நெலத்துக்கு இன்னாடா ஆச்சி?” என்று கேட்டான் அடுத்த நிலத்துக்காரனான ராஜாங்கம். இருவரும் பங்காளிகள்.

“நெலத்துக்கு ஒண்ணும் ஆவல பங்காளி. எனக்குத்தான் புடிக்கல.”

“அடுத்து பொண்ணுக்குச் சோறு ஆவலைன்னா நெல்லையும் வுட்டுடுவியா?”

“வுட்டுடுவேன் போ.”

அம்சவள்ளி இதைக் கேட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். பின்னால் அவள் சொன்ன சில வார்த்தைகளைப் பார்த்தால், கணவனை அவள் முழுக்க நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.

அவளுக்கு வெள்ளிமலையில் வேலை. மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் சமையல். முதல் பஸ்சில் ஏறி, மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கி, கல்வராயன் மலையின் மேலே போய்ச் சேருவாள். கடைசி பஸ்சுக்கு முந்தையதில் இறங்குவாள். இந்த ஓட்டத்தில் மகள் எதைத் தொட்டாள், எதைத் தின்றாள் என்ற பயம் எப்போதும் கூடவே இருந்தது. யாரோ சொல்லித்தான் புதுச்சேரியில் ஒவ்வாமைக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரைப் பற்றித் தெரிந்தது. கொரோனா ஊரடங்கு தளர்ந்த மாதங்களில் மகளைக் கூட்டிப் போனார்கள்.

மருத்துவர் சொன்னது முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. எந்தக் கடலை ஆகாதோ அதையே கொடுக்க வேண்டும். எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு, முதலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. அதைத் தயிரிலோ வாழைப்பழத்திலோ கலந்து தினமும் தர வேண்டும். உடம்பு மெல்ல மெல்ல அதைப் பகையாகப் பார்ப்பதை நிறுத்தும். அளவைக் கூட்டுவது மட்டும் மருத்துவமனையில், அவர் கண் முன்னால்தான் நடக்கும்.

“வயிறு காலியா இருக்கும்போது தரக்கூடாது. குடுத்த பிறகு ரெண்டு மணி நேரம் ஓடக்கூடாது, ஆடக்கூடாது, பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். காய்ச்சலோ இளைப்போ இருந்தா குடுக்காம எனக்குப் போன் பண்ணுங்க. வேற எந்த ரூபத்துலயும் கடலை கூடாது” என்றார்.

“இது முடிஞ்சா எல்லார மாதிரி மல்லாட்டை திம்பாளா டாக்டர்?” என்று கேட்டான் முருகவேல்.

“இது கடலை திங்க வைக்கிற வைத்தியம் இல்லைங்க. தெரியாம வாயில பட்டா சாகாம காப்பாத்துற வைத்தியம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.”

அம்சவள்ளிக்கு அது போதும். முருகவேலின் முகம் கொஞ்சம் வாடியது. மூச்சு முட்டினால் உயிர் காக்கும் அட்ரினலின் நிரப்பிய ஊசிகளை எப்படி வைத்திருப்பது, எப்போது போடுவது, தொடையின் வெளிப்பக்கத்தில் துணியோடு சேர்த்தே எப்படிக் குத்துவது என்று இருவருக்கும் மருத்துவர் கற்றுக்கொடுத்து அனுப்பினார். ஊசிகளை இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் வைத்தார்கள். ஒன்று இலக்கியா எங்கே போனாலும் கூடப் போகும். இன்னொன்று அம்சவள்ளியின் பையில் இருக்கும்.

பள்ளிகள் மூடியிருந்த காலம் முழுக்க அவளே மருந்தைக் கொடுத்தாள். அந்த மாசியில் அவர்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. அதற்காகக் கொடி பிடித்து அலைந்த முருகவேலும் ராஜாங்கமும் ஊர் முனையில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். இலக்கியாவின் அளவு அதற்குள் பல படி ஏறியிருந்தது. “ரெண்டு வெசயமும் நல்லா நடக்குது” என்று முருகவேல் எல்லோரிடமும் சொன்னான். ஆடியில் மரவள்ளியை எடுத்துவிட்டு மறுபடி மல்லாட்டை விதைக்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டான். கேட்டுவிட்டுத்தான் விதைத்தான். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வேலை முடித்துக் கைகால் கழுவாமல் மகளைத் தொடக்கூடாது என்று அவள் சொன்னாள். சரி என்றான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் விடுதிப் பள்ளி திறந்தது. சின்ன வகுப்புகள் திறக்கவில்லை. இலக்கியா வீட்டில் இருந்தாள், அம்சவள்ளி முதல் பஸ்சுக்கு ஓட வேண்டியிருந்தது. விடியுமுன் பிள்ளையை எழுப்பிச் சாப்பிடவைத்து மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வழியில்லை. மருந்துக் கரண்டியை முருகவேலிடம் கொடுத்தாள். கொடுத்த முதல் வாரம் பஸ்சிலிருந்து போன் செய்துகொண்டே போனாள்.

“குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சி. இட்லி தின்னு, தயிர்ல குடுத்து, டிவி பாத்துக்கினு உக்காந்துகினு இருக்கா. நானும் உக்காந்துகினு இருக்கேன். நீ வளைவுல எங்கியாவது வாந்தி எடுக்காம போய்ச் சேரு.”

இரண்டாவது வாரத்தில் போன் செய்வது குறைந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

முருகவேல் விவசாயி. மல்லாட்டை முளைத்து இலை விட்டதும் அவர்கள் கொஞ்ச நாள் தண்ணீர் காட்ட மாட்டார்கள். இலை லேசாக வாடும்வரை காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சினால் வேர் கீழே இறங்கும், பூவெல்லாம் ஒரே நேரத்தில் பிடிக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் பயிர் போய்விட்டதே என்று பதறுவார்கள். தெரிந்தவன் பதற மாட்டான். மகளின் உடம்பையும் முருகவேல் இந்தக் கண்ணாலேயே பார்த்தான். பயிரை வாடவிடத் தைரியம் இல்லாதவன் பூவைப் பார்க்க மாட்டான் என்று அவன் பழக்கம் அவனுக்குச் சொல்லியிருந்தது. மருத்துவர் அவன் கண்ணுக்குப் பயிர் வாடுவதைப் பார்த்துப் பதறுகிறவராகத் தெரிந்தார்.

ஐப்பசியில் செடி பிடுங்கினார்கள். கிணற்றடியில் அண்டாவில் பச்சைக் காய் வெந்தது. அவன் ஒரு பருப்பை உரித்து மகளுக்குக் கொடுத்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு. பிறகு ஒரு கை. ஒன்றும் ஆகவில்லை. அப்பாவும் மகளும் வரப்பில் உட்கார்ந்து, ஊரெல்லாம் தின்கிறதைத் தாங்களும் தின்றார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது.

“அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா பஸ்சுலியே அழுவா” என்றான். அவள் சிரித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

நவம்பர் முதல் தேதி உயர் நீதிமன்றம் அந்த இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஊர்க்காரர்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. இலக்கியாவுக்குக் காலையிலிருந்து லேசான காய்ச்சல். வீட்டில் தனியே விட வேண்டாம் என்று முருகவேல் அவளையும் அழைத்துக்கொண்டு போனான். ஊசி இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று அவன் பின்னால் சொல்லவில்லை. தேவைப்படும் என்று நினைக்கவில்லை என்றுதான் சொன்னான்.

சாலை நடுவே ஒரு துண்டை விரித்து யாரோ புது மல்லாட்டையை வறுத்துக் கொட்டியிருந்தார்கள். இலக்கியா தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா பங்காளி, பொண்ண அவ்ளோ தூரத்துல உக்கார வச்சிருக்க? மல்லாட்டை ஓடியாந்து கடிச்சிடுமா?” என்றான் ராஜாங்கம்.

“அதெல்லாம் அந்தக் காலம். இங்க வாம்மா. சித்தப்பாவுக்குத் தின்னு காட்டு.”

அவள் வந்தாள். ஒரு கை அள்ளித் தின்றாள். கூட்டம் கை தட்டியது. அவள் மற்றப் பிள்ளைகளோடு நின்ற வண்டிகளுக்கு நடுவே ஓடி விளையாடப் போனாள்.

விடுதிப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டதால் அம்சவள்ளி அன்று மதியமே இறங்கிவிட்டாள். அவள் வந்த பஸ்சும் மறியலில் நின்றது. நடந்து போய்விடலாம் என்று இறங்கி வந்தவள், ஒரு லாரியின் நிழலில் கூட்டத்தைப் பார்த்தாள். நடுவில் இலக்கியா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் தடித்திருந்தது. குரல் கம்மிப்போய், ஒவ்வொரு மூச்சும் விசில் போலச் சத்தம் போட்டது. ஒருவன் சோடா உடைத்துக்கொண்டிருந்தான். முருகவேல், “வெயிலு, வெயிலுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்சவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து, மகளின் தொடையில் பாவாடையோடு சேர்த்து ஊசியைக் குத்தினாள். சாய்ந்து உட்காரவைத்து, எழுந்து நிற்கவிடாமல் பிடித்துக்கொண்டாள். ராஜாங்கம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். மறியலில் இருந்தவர்களே வண்டிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் இலக்கியா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“வேவிச்ச மல்லாட்டை தின்னப்ப ஒண்ணும் ஆவலையேம்மா” என்றாள்.

அம்சவள்ளி கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அன்றிரவு இலக்கியாவைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆபத்து தாண்டிய பிறகுதான் அம்சவள்ளி கணவனிடம் கேட்டாள்.

“எத்தினி நாளா?”

“மல்லாட்டை புடுங்கனதுலேர்ந்து” என்றான்.

“எவ்ளோ?”

“மொதல்ல ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் நான் எண்ணல.” மகள் பக்கம் கையைக் காட்டினான். “நல்லதுக்குத்தான் வள்ளி செஞ்சேன். அவளுக்கு ஒண்ணும் ஆவலையே, அத நீ பாத்திருந்தீன்னா…”

“என்கிட்ட ஏன் சொல்லலீங்க?”

“சொன்னா நீ வேணாம்னுவ.”

அவன் செய்ததில் அறியாமை எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் வேறாக்கிவிடுகிறது. அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அவள் பஸ் வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கண் மூடிய காலைகளில், அவளுடைய நிம்மதியைப் பயன்படுத்திக்கொண்டு அப்பாவும் மகளும் ஒரு பக்கம் போய்விட்டார்கள். மகளும் போனாள் என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது என்று நினைக்க இடமுண்டு. “அப்பா சத்தியம் வாங்கிச்சிம்மா” என்று அழுத பிள்ளையின் தலையை அவள் தடவிக் கொடுத்தாள்.

வார்டுக்கு வெளியே ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். ராஜாங்கத்தின் குரல் உள்ளே கேட்டது. “நம்ப வச்சி ஏமாத்திட்டானுங்க. சட்டம்னானுங்க, வெடி வெடிச்சோம், இப்ப இல்லன்றானுங்க. நம்பனவன் கழுத்தத்தான் அறுக்கறானுங்க.” முருகவேல் ஆமாம் என்றான். அம்சவள்ளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

தீபாவளி கழிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்விட்டாள். பள்ளிக்குப் பின்னால் ஒரு அறை. ஏற்பாடு செய்தவள் கூடச் சமைக்கும் வெள்ளச்சி. அதே மலையில் கரியாலூர்க்காரி, வாய் அதிகம்.

“கீழ இருக்கறவங்களுக்குக் கோவம் வந்தா மல ஏறிடறீங்க. எங்களுக்குக் கோவம் வந்தா எங்கடி போறது, மேகத்துக்கா?” என்றாள். பிறகு, “இங்க சாமையும் தெனையுந்தான். ஒம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது” என்றாள்.

முருகவேல் இரண்டு முறை வந்து போனான். அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள். பேசவில்லை. இலக்கியா இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஒவ்வாமை மருத்துவருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னதும், மருந்தை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார். தை மாதம் மூவரும் புதுச்சேரிக்குப் போனார்கள். பஸ்சில் முருகவேல் முன் வரிசையில் உட்கார்ந்தான், அம்மாவும் மகளும் பின்னால்.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். அம்சவள்ளி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வேகவைத்த காய், எத்தனை நாள், கடைசியில் வறுத்தது ஒரு கை, அன்றைக்குக் காய்ச்சல், தின்றதும் ஓட்டம், கூட டப்பா இல்லாதது. கொடுத்தவர் யார் என்பது மட்டும் அதில் வரவில்லை.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். “பச்சைக் காயைத் தண்ணியில வேகவைக்கும்போது ஆகாத பொருள்ல ஒரு பங்கு தண்ணியிலயே இறங்கிடும். மிச்சமும் மாறிடும். வறுத்தா அதோட வீரியம் கூடும். வேகவச்சது ஒத்துக்கிச்சுன்னு வறுத்ததைக் குடுத்தது, குளத்துல ஆழம் கம்மியான பக்கம் இறங்கிப் பாத்துட்டு ஆழமான பக்கம் குதிச்ச மாதிரி. அதுலயும் காய்ச்சலோட. ஊசி மட்டும் போடலைன்னா…” என்று நிறுத்தினார்.

பேனாவை மறுபடி எடுத்தார்.

“திரும்ப ஆரம்பிக்கலாம். கீழேருந்து, என் கண் முன்னால. ஆனா வீட்டுல யார் கை இதைக் குடுக்குதுன்னு எனக்குத் தெரியணும். இதை யாரு குடுத்தது?”

முருகவேல் நாற்காலியின் நுனிக்கு வந்தான். வாயைத் திறந்தான். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாந்தாங்க” என்றாள் அம்சவள்ளி.

முருகவேல் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களா? இவ்வளவு விவரமா இருக்கற நீங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப இனிமே உங்க கையில இதைக் குடுக்க மாட்டேன்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. மறைச்சுக் குடுத்த கை திருப்பியும் குடுக்கும். அப்பா இருக்காரே, அவர் குடுக்கட்டும். தினமும், அவரே. சரிதானே?”

“சரிங்க” என்றாள்.

அப்படிச் சொன்னால் இப்படித்தான் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமல் சொல்கிறவள் அல்ல அவள். தெரிந்துதான் சொன்னாள் என்றால், அது மன்னிப்பா, தண்டனையா, இல்லை கணவனின் முகத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் வாயில் வந்ததா? மன்னிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை.

அவள் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரவில்லை. அதனால் முருகவேல் ஏற வேண்டியதாயிற்று. நிலத்தை ராஜாங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டான். தினமும் விடியுமுன் எழுந்து, அவள் ஓடிய அதே முதல் பஸ்சைப் பிடித்து, அதே வளைவுகளில் குலுங்கி மேலே வந்தான். ஊர் இதற்கும் சிரித்தது. இலக்கியா சாப்பிட்டு முடித்திருப்பாள். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இருமல் இருக்கிறதா என்று கேட்டு, தயிரில் மாவைக் கலந்து கொடுப்பான். பிறகு சமையலறைக்கு வெளியே இருக்கும் சிமெண்டு பெஞ்சில் மகளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நாளும் கூடவில்லை, குறையவும் இல்லை.

வெள்ளச்சியால் சும்மா இருக்க முடியவில்லை. “பொய்யச் சொல்லி அந்த ஆளு கையிலியே திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கியே, ஒனக்கு இன்னாடி புத்தி? நம்பறியா, நம்பலியா?”

“பருப்பு பொங்குது பாரு” என்றாள் அம்சவள்ளி.

மறுநாள் காலையிலும் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டதும், அவள் மாவு டப்பாவையும் கரண்டியையும் ஊசி டப்பாவையும் எடுத்து வந்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.